கழுவிய பிறகு எவ்வளவு திரும்புகிறது? சுங்கை மூடா நீருக்கு டைட்டானியா கலந்த சவ்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்குக்கு வரும் மூல நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு சுங்கை மூடா என்ற ஒரே ஆற்றை நம்பியிருக்கிறது. கெடாவின் வயல்களையும் தோட்டங்களையும் ஊர்களையும் தாண்டி வரும் அந்த நீர் லஹார் தியாங்கில் எடுக்கப்பட்டு, சுங்கை டுவா ஆலையில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய் வழியே தீவுக்கும் போகிறது. மழைக்காலத்தில் ஆறு செம்மண் நிறத்துக்கு மாறும். களிமண்ணை விடவும், நீரை வடிகட்டும் நுண்துளைச் சவ்வுக்கு அதிகத் தொல்லை தருவது அதோடு வரும் இலைமக்குப் பொருள், அதாவது ஹியூமிக் அமிலம். களிமண் சவ்வின் மேல் படியும், நீரை எதிர்த்திசையில் செலுத்தும் பின்னோட்டக் கழுவலில் போய்விடும். ஹியூமிக் அமிலமும் புரதங்களும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஒட்டுதலைக் குறைக்கத்தான் நானோ பொருள்கள். ஆனால் இறுதியாண்டு ஆய்வேடுகளிலும் விற்பனைத் தாள்களிலும் முதலில் கண்ணில் படுவது வேறோர் எண்: "பாய்வு இத்தனை மடங்கு கூடியது." பாய்வு என்பது ஒரு சதுர மீட்டர் சவ்வு வழியே ஒரு மணி நேரத்தில் இறங்கும் நீர். நல்ல நீரில் அளந்த பாய்வு அது. அழுக்கு நீர் ஓடி, கழுவிய பிறகு அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் சவ்வின் தரம். பாலிஈதர்சல்ஃபோன் (இனி பிஇஎஸ்) தகட்டுச் சவ்வில் டைட்டானியம் டையாக்சைடு (டைட்டானியா) கலக்கும் ஒரு தொகுதி வேலையை, பினாங்கின் தட்பவெப்பத்தில் வைத்து, இந்தக் கண்ணோடு இங்கே அலசுகிறோம். தரப்பட்டிருக்கும் அளவுகள் ஆய்வுக்கூட மேசை அளவுக்கானவை.

ஏன் இந்தக் கூட்டு

பிஇஎஸ் வெப்பத்தையும் பிஹெச் 2 முதல் 13 வரையான கழுவல் கரைசல்களையும் தாங்கும். குறை ஒன்றுதான்: அதற்கு நீர் பிடிக்காது. மேற்பரப்பில் வைக்கும் நீர்த்துளி பரவாமல் 70 பாகைக்கு மேல் தொடுகோணத்தோடு உருண்டு நிற்கும். நீர் விலகும் இடத்தில் புரதமும் ஹியூமிக் அமிலமும் வந்து உட்காரும். டைட்டானியா துகளின் மேல் நிறைய ஹைட்ராக்சில் குழுக்கள் இருக்கின்றன. அவை நீர் மூலக்கூறுகளை ஒரு மெல்லிய அடுக்காகப் பிடித்து வைக்கின்றன. அழுக்கு ஒட்ட வேண்டுமானால் அந்த அடுக்கை முதலில் விலக்க வேண்டும்.

சந்தையில் எளிதாகக் கிடைக்கும் பி25 வகை டைட்டானியாவில் தனித்துகள் ஏறத்தாழ 21 நானோமீட்டர், ஒரு கிராமுக்கு 50 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு. புட்டியில் இருக்கும் தூள் தனித்துகளாக இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான நானோமீட்டர் கொண்ட திரட்சிகளாகவே இருக்கும். சவ்வின் துளையோ சில பத்து நானோமீட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேலையின் பாதி எங்கே கெடும் என்று தெரிந்துவிடும்.

வெள்ளி, கிராஃபீன் ஆக்சைடு ஆகியவற்றை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். வெள்ளி கிருமியைத் தடுக்கும், ஆனால் அயனியாகக் கரைந்து வெளியேறுவதால்தான் தடுக்கிறது. சரக்கு தீர்ந்தால் வேலையும் தீரும். வெளியேறுவது குடிநீரில் சேரும், லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை உடல்நலக் கேடு இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கிராஃபீன் ஆக்சைடை பிஇஎஸ்-க்குள் கலந்தால் நல்ல பலன் உண்டு. அதை மட்டுமே அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்யும் சவ்வு நீரில் ஊறி உப்பிவிடும், உலர்ந்தபோது ஏறத்தாழ 0.8 நானோமீட்டராக இருந்த இடைவெளி விரிந்துவிடும். முதல் முறை கை வைப்பவர்களுக்கு டைட்டானியாவே நல்ல தொடக்கம் என்பது எங்கள் கருத்து.

கலவை

100 கிராம் வார்ப்புக் கரைசலுக்கு: பிஇஎஸ் 16 கிராம், துளையாக்கியாக பிவிபி கே30 (நீரில் கரையும் பாலிவினைல்பைரோலிடோன்) 2 கிராம், டைட்டானியா 0.32 கிராம் (பிஇஎஸ் எடையில் 2 விழுக்காடு), மீதி 81.68 கிராம் என்எம்பி (என்-மெத்தில்-2-பைரோலிடோன்) கரைப்பான். இதோடு டைட்டானியா இல்லாத தொகுதி ஒன்றையும் அதே நாளில் அதே கையால் செய்ய வேண்டும். ஒப்பிட அது இல்லையென்றால் மற்ற அளவைகள் எல்லாம் வீண்.

பிஇஎஸ் மணிகளை இரவு முழுவதும் உலர்த்தியில் வைக்கவும். ஈரம் சிறிதிருந்தாலும் கரைசலுக்குள் நீர் புகுந்து, வார்ப்பதற்கு முன்பே பாலிமர் பிரியத் தொடங்கிவிடும். என்எம்பி தோல் வழியாக உடலுக்குள் போகும், கருவைப் பாதிக்கும். சாதாரண நைட்ரைல் கையுறையை அது விரைவில் ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும். டைட்டானியா தூளை மின்விசிறிக்கு அடியில் எடை போடாதீர்கள். புகைபோக்கிப் பெட்டிக்குள், முகக்கவசத்தோடு எடை போட்டு, எடுத்த கையோடு கரைப்பானில் நனைத்துவிடுங்கள். நனைந்த பிறகு அது பறக்காது.

இனி வரிசை. பலர் பாலிமரைக் கரைத்து, கெட்டியான அந்தப் பாகில் தூளைத் தூவிக் கலக்குகிறார்கள். அது தோற்கும் வழி. கெட்டிப் பாகில் திரட்சியை உடைக்கும் விசை துகளைச் சென்று சேராது. சரியான வரிசை இது: முதலில் என்எம்பி-யில் டைட்டானியா, குச்சி வகை மீயொலிக் கருவியால் அரை மணி நேரம். தொடர்ந்து ஓட்டாமல் விட்டு விட்டு, குவளையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து ஓட்ட வேண்டும், இல்லையென்றால் கரைப்பான் சூடேறும். பிறகு பிஇஎஸ்-இல் ஒன்றிரண்டு கிராமை மட்டும் போட்டுக் கரைத்து இன்னும் சிறிது நேரம். அந்தச் சிறு அளவு பாலிமர் துகள்களைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஒட்டாமல் காக்கிறது. அதன் பிறகே மீதி பிஇஎஸ்-உம் பிவிபி-யும், 60 பாகை செல்சியஸில், மெதுவான கலக்கலில், முழுவதும் கரையும் வரை.

இந்தக் கட்டத்தில் கண்ணால் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கரைசலை ஒரு கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, கைவிளக்கைப் பின்புறம் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எங்கும் ஒரே சீரான வெண்புகை போல இருந்தால் சிதறல் நன்று. ஊசிமுனை போன்ற வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவை மைக்ரோமீட்டர் அளவுத் திரட்சிகள். ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு ஓட்டை. அந்தக் கரைசலை வார்க்காதீர்கள். திரும்ப மீயொலிக்குக் கொண்டுபோனாலும் கெட்டியான பாகில் பயன் குறைவு. புதிதாகத் தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

கரைசலைக் குமிழி நீங்க ஒரு இரவு மூடி வைக்கவும். நீண்ட நாள் வைக்கக் கூடாது, துகள் அடியில் இறங்கிவிடும்.

வார்ப்பு: பினாங்கின் காற்றோடு போராட்டம்

கண்ணாடித் தகட்டில் 200 மைக்ரோமீட்டர் இடைவெளி வைத்த கத்தியால் கரைசலை இழுத்து, சில நொடிகளில் நீர்த்தொட்டியில் மூழ்கவிடுவதுதான் வார்ப்பு. 20க்கு 30 சென்டிமீட்டர் தகடு ஒன்றுக்கு 12 கன சென்டிமீட்டர், ஏறத்தாழ 13 கிராம் கரைசல் ஆகும். 100 கிராமில் சிந்தியது சிதறியது போக ஆறு தகடு எடுக்கலாம். நீருக்குள் போனதும் என்எம்பி வெளியேறுகிறது, நீர் உள்ளே புகுகிறது, பாலிமர் உறைகிறது. மேல்தோல் அடர்ந்தும், கீழே விரல் வடிவக் குழிகளோடும் சவ்வு உருவாகிறது. பிவிபி-யில் பெரும்பகுதி கரைந்துபோய்த் துளைகளை விட்டுச்செல்கிறது.

ஐரோப்பாவிலும் கொரியாவிலும் எழுதப்பட்ட செய்முறைகள் இங்கே தடுமாறுவது இந்த இடத்தில்தான். என்எம்பி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வெளியே ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. சன்னல் திறந்த அறையில் வார்த்தால், இழுத்த படலம் தொட்டிக்குப் போவதற்கு முன்பே ஓரத்திலிருந்து பால் ஊற்றியது போல வெளுக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம். வெளுப்பு நடுப்பகுதியை நோக்கி நகரும். காற்றின் ஈரமே பாலிமரை உறைய வைத்துவிட்டது. மெதுவாக உறைந்ததால் மேல்தோல் தளர்ந்து, துளை பெரிதாகும். அந்தத் தகட்டின் பாய்வு கூடுதலாக வரும். "டைட்டானியாவால் பாய்வு கூடியது" என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம், உண்மையில் அது அறையின் ஈரம் செய்த வேலை.

ஆகவே குளிரூட்டிய அறையில், ஈரமானியை மேசை மீது வைத்து, அதன் எண்ணைத் தகட்டின் எண்ணுக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொண்டு வார்க்க வேண்டும். எந்த எண்ணில் நிறுத்தினாலும் சரி, ஒப்பீட்டுத் தொகுதிக்கும் அதே எண் இருக்க வேண்டும். இழுப்புக்கும் மூழ்கலுக்கும் இடையிலான நேரத்தையும் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து ஒரே அளவாக வையுங்கள். தொட்டி நீரின் வெப்பமும் கணக்கில் சேரும்: பல கட்டுரைகளில் 20 முதல் 25 பாகை, இங்கே குழாய் நீர் அதைவிட வெதுவெதுப்பானது. ஒவ்வொரு தகடும் என்எம்பி-யை நீரில் விடுவதால், ஆறு தகட்டையும் ஒரே தொட்டி நீரில் போட்டால் கடைசித் தகடு முதல் தகட்டைப் போல இருக்காது.

வார்த்த தகடுகளை 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றவும். உலர விடக் கூடாது, துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். உலர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் கிளிசரின் கரைசலில் ஊறவைத்த பிறகு உலர்த்தவும். தொட்டி நீர் கரைப்பான் கலந்த கழிவு. அதைத் தொட்டிக்கடியில் உள்ள கால்வாயில் ஊற்றுவது 2005ஆம் ஆண்டின் பட்டியலிடப்பட்ட கழிவு விதிகளுக்குள் சிக்கும் செயல். தனிக் கலனில் சேர்த்து உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும்.

அளவை

கலக்கி பொருத்திய சிறு அழுத்தக் கலத்தில், 13.4 சதுர சென்டிமீட்டர் வட்டத் துண்டை வைத்துச் சோதிப்பது வழக்கம். முதலில் 2 பார் அழுத்தத்தில் பாய்வு நிலைபெறும் வரை நல்ல நீரை ஓட்டிச் சவ்வை இறுக விட வேண்டும். பிறகு 1 பாரில் நல்ல நீர், அதன் பின் அழுக்கு நீர் (லிட்டருக்கு 1 கிராம் மாட்டு சீரம் ஆல்புமின் என்ற புரதம், அல்லது ஹியூமிக் அமிலம்), பிறகு கழுவல், திரும்பவும் நல்ல நீர்.

கணக்கு முறைக்காக மூன்று துண்டுகளை வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கைக் காட்டுவதற்கு மட்டுமே. டைட்டானியா இல்லாத துண்டில் 4 நிமிடத்தில் 20 மில்லிலிட்டர் நல்ல நீர் இறங்குகிறது என்றால், 0.02 லிட்டரை 0.00134 சதுர மீட்டராலும் 0.0667 மணியாலும் வகுக்க, சதுர மீட்டருக்கு மணிக்கு 224 லிட்டர். அழுக்கு நீர் ஓட்டத்தின் முடிவில் 6 மில்லிலிட்டர், அதாவது 67. கழுவிய பிறகு 15 மில்லிலிட்டர், 168. மொத்த இழப்பு 70 விழுக்காடு. அதில் 45 கழுவினால் போன அழுக்கு, 25 கழுவியும் போகாத அழுக்கு. மீட்சி, அதாவது கழுவிய பிறகு திரும்பிய பாய்வு, 75 விழுக்காடு.

இரண்டாவது துண்டு, டைட்டானியா கலந்தது: தொடக்கத்தில் 24 மில்லிலிட்டர், கழுவிய பிறகு 18. பாய்வு 20 விழுக்காடு கூடியிருக்கிறது, மீட்சி அதே 75. இங்கே துகள் செய்தது துளையை அகலமாக்கியது மட்டுமே. அழுக்கு ஒட்டுவதை அது தடுக்கவில்லை. மூன்றாவது, இதுவும் டைட்டானியா கலந்ததே: தொடக்கத்தில் 18, கழுவிய பிறகு 17. பாய்வு மூன்றிலும் குறைவு, மீட்சி 94 விழுக்காடு. சுங்கை மூடாவின் மழைக்கால நீரைப் போன்ற ஒன்றை மாதக் கணக்கில் வடிகட்ட வேண்டுமென்றால் மூன்றாவதே நம்முடைய தகடு. முதல் நாள் பாய்வை மட்டும் பார்ப்பவர் அதைக் குப்பையில் போட்டுவிடுவார்.

ஆல்புமின் எவ்வளவு தடுக்கப்பட்டது என்பதையும் கூடவே அளக்க வேண்டும். பாய்வும் கூடி, தடுப்பும் குறைந்தால் ஓட்டை இருக்கிறது.

வெப்பத் திருத்தம் இல்லாமல் வேறு ஊர் எண்ணோடு ஒப்பிடுவது இன்னொரு பெரும் பிழை. நீரின் பிசுக்குமை 20 பாகையில் 1.002, 30 பாகையில் 0.798 மில்லிபாஸ்கல் நொடி. அதே சவ்வு, அதே அழுத்தம், பினாங்கின் 30 பாகை நீரில், 20 பாகையை விட ஏறத்தாழ 26 விழுக்காடு கூடுதல் பாய்வு காட்டும். அளந்த பாய்வைப் பிசுக்குமை விகிதத்தால் பெருக்கி 20 அல்லது 25 பாகைக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள்.

எங்கே கெடுகிறது

அளவு கூடினால் நல்லது என்ற எண்ணத்தில் டைட்டானியாவை பிஇஎஸ் எடையில் 4, 5 விழுக்காட்டுக்கு ஏற்றுவது அடிக்கடி நடக்கிறது. ஓரளவு வரை துகள் நீரை உள்ளே இழுத்து உறைதலை விரைவாக்கும், துளை திறக்கும். அதைத் தாண்டினால் கரைசல் கெட்டியாகி உறைதல் மெதுவாகும், துகள்கள் திரண்டு துளைகளை அடைக்கும், பாய்வு இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் எந்த அளவில் திரும்புகிறது என்பது சிதறலின் தரத்தைப் பொறுத்தது. ஆகவே 0.5, 1, 2, 4 விழுக்காடு என்று நான்கு தொகுதி செய்யாமல் ஓர் எண்ணை "சிறந்த அளவு" என்று சொல்ல முடியாது. சிதறல் கைக்கு வராதவர்கள் அமினோ சிலேன் கொண்டு துகளின் மேற்பரப்பை மாற்றிப் பார்க்கலாம். திரட்சி குறையும், ஆனால் ஹைட்ராக்சில் குழுக்களில் ஒரு பங்கு அதற்கே செலவாகிவிடும்.

அடுத்தது, துகள் உள்ளே புதைந்துபோவது. 0.32 கிராமில் பெரும்பகுதி சவ்வின் உடலுக்குள்தான் இருக்கும், அழுக்கு அங்கே வருவதில்லை. வேலை செய்வது மேல்தோலில் தலைகாட்டும் துகள் மட்டுமே. இதற்கு மாற்று வழி, செய்து முடித்த சவ்வின் மேல் பூசுவது: லிட்டருக்கு 2 கிராம் டோபமைனை பிஹெச் 8.5 டிரிஸ் தாங்கல் கரைசலில் கரைத்து, சவ்வின் மேல்பக்கம் மட்டும் படும்படி சில மணி நேரம் வைத்தால் பழுப்பு நிறப் பாலிடோபமைன் படலம் ஒட்டும், அதன் மேல் டைட்டானியா பிடிக்கும். தூள் மிகக் குறைவாகச் செலவாகும், எல்லாம் மேற்பரப்பிலேயே இருக்கும். நீண்ட நேரம் பூசினால் துளை அடைபடும். குளோரின் கழுவல் அந்தப் படலத்தைத் தின்றுவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

குளோரின் பற்றி இன்னும் ஒரு சொல். சவ்வை சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவும்போது மிச்சமிருக்கும் பிவிபி சிதைந்து வெளியேறுகிறது. நீரை விரும்பும் தன்மை குறைந்து, துளை மெல்ல அகலும். கழுவக் கழுவப் பாய்வு கூடுவது மகிழ்ச்சிக்குரிய செய்தி அல்ல.

"டைட்டானியா ஒளியில் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்" என்ற வாக்குறுதியை இங்கே நேராகப் பேசிவிடுகிறோம். அந்த வினைக்கு ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதாக் கதிர் வேண்டும். மூடிய எஃகு உருளைக்குள் நெருக்கிக் கட்டிய நூலிழைச் சவ்வுக்கு (நடுவே குழாய் போன்ற மெல்லிய இழைகளுக்கு) ஒளி எங்கிருந்து வரும்? ஒளி கிடைக்கும்படி அமைத்தாலும், அங்கே பிறக்கும் தீவிர மூலக்கூறு அழுக்கையும் பிஇஎஸ்-ஐயும் பிரித்துப் பார்ப்பதில்லை. பாலிமரையும் வெட்டும். குடிநீர்ச் சவ்வில் டைட்டானியாவின் பயன் நீரைப் பிடித்து வைக்கும் அந்த அடுக்கு மட்டுமே என்று வைத்துக்கொண்டு வடிவமைப்பதே நேர்மை.

துகள் கழன்று குடிநீரில் கலக்குமா என்ற கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. கணக்குப்படி, சவ்வில் சதுர மீட்டருக்கு 0.7 கிராம் டைட்டானியா இருக்கிறது. வடிநீரைப் பல நாள் சேர்த்து, அமிலத்தில் செரித்து, பிளாஸ்மா நிறமாலைமானியில் டைட்டானியத்தை அளக்க வேண்டும். நல்ல நீரில் மட்டும் அளந்தால் போதாது. பின்னோட்டக் கழுவலிலும் ஹைப்போகுளோரைட் கழுவலிலும்தான் துகள் கழலும், ஆகவே அந்த நீரையும் சேர்த்து அளக்க வேண்டும்.

சந்தைக்குப் போன ஒரு முன்னுதாரணம்

நானோ பொருள் ஆய்வேட்டோடு நின்றுவிடும் என்பவர்களுக்கு எதிர்ச்சான்று, கடல்நீரின் உப்பை நீக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் துறையில் இருக்கிறது. 2007இல் லாஸ் ஏஞ்சல்ஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் ஹோக் குழுவினர் பாலிஅமைடு மெல்லடுக்குக்குள் ஜியோலைட் ஏ என்ற நுண்துளைக் கனிமத்தின் நானோ படிகங்களைப் பதித்துக் காட்டினர். உப்புத் தடுப்பைக் குறைக்காமல் நீர் ஊடுருவல் கூடியது. அதிலிருந்து நானோஎச்2ஓ நிறுவனம் பிறந்து கடல்நீர்ச் சவ்வுகளை விற்றது. 2014இல் எல்ஜி கெம் அதை வாங்கியது. அங்கே படிகத்தின் அளவும் பாலிஅமைடு அடுக்கின் தடிமனும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகப் பொருந்தியிருந்தன. துகள் வேலை நடக்கும் அடுக்கிலேயே இருந்தது, உள்ளே புதையவில்லை.

வாசலில் மாட்டும் வடிகட்டிக்கு

பிறை, பட்டர்வொர்த், ஜெலுத்தோங் என்று எந்தப் பக்கம் போனாலும் வாசல் குழாயில் எஃகு உருளை வடிகட்டி தொங்குகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் பிவிடிஎஃப் என்ற பாலிமரால் ஆன நூலிழைச் சவ்வு, துளை 0.01 மைக்ரோன் அளவு. மேலே "நானோ" என்று ஒட்டியிருந்தாலும் இந்த அளவுத் துளை அம்மோனியாவையோ கரைந்த மாங்கனீசையோ பிடிக்காது. 2020 செப்டம்பரில் கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆற்று நீரில் கரைப்பான் கலந்து சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டனவே, அப்படிப்பட்ட மாசுக்கும் இது கதவைத் திறந்துதான் விடும். களிமண், துரு, பாக்டீரியா: இவற்றுக்கு நன்று.

விற்பவரிடம் மூன்று விவரம் கேளுங்கள். கழுவிய பிறகு பாய்வு எத்தனை விழுக்காடு மீள்கிறது, எத்தனை கழுவல் சுற்றுக்குப் பிறகு அளந்தது? நானோ துகள் எது, வடிநீரில் அதை அளந்த அறிக்கை உண்டா? இழை அறுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்றாவதை வீட்டிலேயே செய்யலாம், சேவைக்கு வருபவரிடம் செய்யச் சொல்லலாம்: நீரை வடித்து, ஈரமான சவ்வுக்குள் 1 பார் காற்றை அடைத்து, வால்வை மூடி அழுத்தமானியைப் பார்ப்பது. உருளையும் இணைப்புகளும் அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று உறுதி செய்த பிறகே காற்றை அடைக்க வேண்டும். ஈரத் துளையிலிருந்து நீரைத் தள்ள வேண்டிய அழுத்தம் துளை சிறுக்கச் சிறுக்கக் கூடும். 1 பாரில் ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டை மட்டுமே காற்றை விடும். முள் மெல்ல இறங்கினால் அது காற்று நீரில் கரைந்து ஊடுருவுவது, இயல்பு. சட்டென்று விழுந்தால் முதலில் இணைப்பு வளையங்களில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். அங்கே குமிழி இல்லையென்றால் இழை அறுந்திருக்கிறது, அந்த உருளையை மாற்ற வேண்டும்.